வாரம் மூன்று நாள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
எங்கள் புளோக்கின் கீழே
ஐந்தேகாலுக்கு வந்து நிற்கும்.
இப்போது திங்கள், செவ்வாய், புதன் மட்டும்.
வியாழக்கிழமையும் அம்மா
நாலரைக்கே எழுந்துவிடுகிறாள்.
குளித்து, நீலச் சட்டை போட்டு,
பெயரட்டையைத் தேடும்போது
நினைவு வந்து
நைட்டிக்கு மாறுகிறாள்.

கடிதத்தில் செமெந்தாரா என்றிருந்தது.
தற்காலிகம்.
அவளுக்குத் தெரியாத சொல் இல்லை.
"தேதி ஏதும் போட்டிருக்கா, பாரு" என்றாள்.
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.

அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கு.
ஓவர்டைம்தான்
கேஸ், அரிசி, தம்பியின் பாலிடெக்னிக்,
என் பஸ் காசு.
ஓவர்டைம்தான் நாங்கள்.

துறைமுகத்தில் அப்பாவுக்கும் லோட் குறைந்தது.
அவர் வீட்டில் இருப்பதால்
மத்தியானச் சமையலும் சேர்ந்துகொண்டது.
அப்பா செய்தி பார்க்கிறார்.
வட்டி, ஏற்றுமதி, அமெரிக்கா என்று
சத்தமாக விளக்குகிறார்.
அம்மா தலையாட்டியபடியே
கோழியை ஒன்பது துண்டாக்குகிறாள்,
முன்பு ஆறாக்கிய அதே அளவுக் கோழியை.

லைனில் அவளோடு உட்கார்ந்த ரொஸ்னானி
ரெலாவ் சந்தையோரம் நாசி லெமாக் விற்கிறாள்.
பவளக்கொடி அக்காள்
தஞ்சோங் தோக்கோங்கில் யார் வீட்டையோ துடைக்கிறாள்.
ஆ லிங்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.
ஆலோங்காரன் அவள் வீட்டுக் கதவில்
சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகு
லிஃப்டில் அவள் கண்ணை நாங்கள் பார்ப்பதில்லை.

பத்துப் பேட் கொண்ட பாக்கெட்டை
அம்மாவும் நானும் பங்கு போட்டோம்.
எங்கள் இருவர் தேதியும் ஒத்துப்போனது
அந்த மாதத்தின் ஒரே நகைச்சுவை.
பழைய துண்டைக் கிழித்தபோது
சத்தம் கேட்கக்கூடாதென்று
குழாயைத் திறந்துவிட்டாள்,
பிறகு தண்ணீர்க் கட்டணம் நினைத்து மூடினாள்.

அடகுக்கடைக்குப் போனது
என் சடங்குக்கு மாமா போட்ட தோடு.
தம்பிக்கு நகை இல்லை,
கேட்க என்ன இருக்கிறது அவனிடம்.
"துளை தூர்ந்துடாம பாத்துக்கோ" என்று
விளக்குமாற்றிலிருந்து
இரண்டு ஈர்க்குச்சி ஒடித்துத் தந்தாள்.

ஆறாம் படிவத்திலிருந்து விலகும் தாளில்
காரணம் என்ற கட்டம் சிறியது.
சிக்கு ஹஸ்னா பேனாவைக் கொடுத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் செமெந்தாரா என்று எழுதினேன்.
தேதி போடவில்லை.

பிறகு
எங்கோ எதுவோ சரியாகிவிட்டது.
டிவியில் அம்புக்குறி மேலே போனது.
பஸ் ஐந்து நாளும் வந்தது,
சில வாரம் சனிக்கிழமையும்.
புது இயந்திரம் வந்ததில்
லைனில் பாதிப் பேருக்குத்தான் நாற்காலி.
அம்மாவுக்குக் கிடைத்தது.
அன்று அவள் வாங்கிவந்த ரொட்டி சானாயை
யாரும் எண்ணாமல் தின்றோம்.

தோட்டையும் மீட்டுவந்தாள்.
நான் சூப்பர்மார்க்கெட் சீருடையில் இருந்தேன்,
பொத்தான் போட்டபடி.
ஈர்க்குச்சியை எப்போது எடுத்தேனென்று
எனக்கே நினைவில்லை.
கவுண்டரில் அது கூடாது என்று சொன்ன நாளாக இருக்கலாம்.

பத்தொன்பது வருடம்
நுண்ணோக்கியில் சில்லு பார்த்தவள் அம்மா.
முடியைவிட மெல்லிய விரிசலும்
அவள் கண்ணுக்குத் தப்பாது.
போன் வெளிச்சத்தை என் காதருகே பிடித்து
வெகுநேரம் பார்த்தாள்.
முன்னாலும் பின்னாலும்.
காதுமடலை இரண்டு விரலால் இழுத்தும்.

"மறுபடி குத்திக்கலாம்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.
பத்து மணி ஷிப்டு.
தோட்டைப் பர்ஸில் போட்டு ஜிப்பை மூடினேன்.
கீழே இறங்கும்போது
லிஃப்டில் ஆ லிங் இருந்தாள்.
இந்த முறை நான் பார்த்தேன்.